ஏழு நாள் சங்கிலி ஜெபம்

உனைசி ஜெபம் பண்ண ஆரம்பித்தால் சட்டியிலிருக்கும் மீன் ஆறிப்போகும் என்று எங்கள் ஊர்களில் கேலி பேசுவார்கள். உண்மைதான். சாப்பாட்டுக்கு முன் இரண்டு வரி சொல்லி ஆமென் போடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. எந்த வீட்டில் என்ன குறை, அதை எந்த வரிசையில் தீர்க்க வேண்டும் என்று ஆண்டவருக்கு விவரமாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறப்பாள். மேலதிகாரிக்கு வேலை ஏவுகிற மாதிரி இருக்கும். நான் ஒரு கண்ணைத் திறந்து மரவள்ளிக் கிழங்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஃபிஜியின் வனுவா லெவு தீவில் சாலை வராத கடலோரம் இது. போக வர படகுதான். வளைகுடாவின் இந்தப் பக்கம் சுகாதார நிலையம், எதிர்ப்பக்கம் உனைசியின் ஊர், நடுவில் அரை மணி நேரக் கடல். பத்தொன்பது வருஷமாக நான் இங்கே நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன். ஆனால் ஆண்டவர் விஷயத்தில் நான் கொஞ்சம் கணக்காகத்தான் இருப்பேன். எந்த மருந்து வேலை செய்தது என்று பார்க்கிற பழக்கம் அங்கேயும் விடாது.

உனைசியோடு எனக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. ஒரு புயலுக்குப் பிறகு உபதேசியார் அபரோசாவின் கடைசிப் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஐந்து நாள் படகில் போய்ப் போய் ஊசி போட்டேன். ஆறாம் நாள் உனைசி வந்து பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். ஏழாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் உனைசியின் ஜெபத்துக்கு ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொன்னார்கள். என் ஊசிக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. அதிலிருந்து பதினொரு வருஷம் அவள்தான் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி.

“கேட்டா குடுப்பாரு நர்சம்மா. கேக்கத் தெரியணும், அவ்வளவுதான்” என்பாள் என்னிடம். அவள் புருஷன் சகியூசா சர்க்கரை வியாதியில் செத்தபோது அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். சனிக்கிழமைதோறும் யங்கோனா என்ற போதை தரும் வேர்ச்சாற்றைக் குடித்துவிட்டு ஞாயிறு ஆராதனையில் தூங்கி விழுவாராம், விசுவாசம் குறைவாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

அவளுக்கு இலியேசா ஒரே மகன். இருபத்தேழு வயது. ஓடைக்கரையில் சேம்பு போட்டிருந்தான். தீவின் மறுகோடியிலிருந்து டிடிலியா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். அதிகம் பேசாத பெண். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, ஜனவரியில் வெள்ளம் வந்தது.

பன்றித் தொழுவங்களை அடித்துக்கொண்டு வந்த தண்ணீர் சேம்புத் தோட்டத்தில் ஒரு வாரம் நின்றது. இலியேசா அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கிக் கிழங்குகளை மீட்டான். பத்து நாளில் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் வருகிற எலிக்காய்ச்சல்தான் அது. மூன்றாம் நாளுக்குள் வந்திருந்தால் மாத்திரையிலேயே தீர்ந்திருக்கும்.

மூன்றாம் நாள் அவர்கள் என்னிடம் வரவில்லை. சங்கிலி ஜெபம் தொடங்கினார்கள். எங்கள் சபைகளில் பெரிய காரியம் எதற்கும் அதுதான் வழக்கம். ஏழு நாள், இருபத்து நாலு மணி நேரமும், ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஆள் என்று முறை போட்டுக்கொள்வார்கள். ஒருவர் உள்ளறையில் முழங்காலில் இருப்பார். அடுத்தவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்திருப்பார். மற்றவர்கள் பொழுது சாயும்வரை பட்டினி. நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி விழுந்தாலும் சங்கிலி அறுந்துவிட்டது என்று அர்த்தம். யாருக்காக ஜெபமோ அவர் ஏழு நாளும் அந்தக் கூரையை விட்டு வெளியே போகக்கூடாது. அது வேதத்தில் எங்கும் இல்லை. எங்கள் ஆட்கள் வைத்துக்கொண்டது.

சங்கிலியின் மூன்றாம் நாள் தகவல் தெரிந்து படகை எடுத்துக்கொண்டு போனேன். இலியேசாவின் கண் மஞ்சளாக இருந்தது. முந்தின நாளிலிருந்து சிறுநீர் போகவில்லை. ஊசி போட்டேன். போட்டுவிட்டு உனைசியிடம், சிறுநீரகம் நிற்கத் தொடங்கிவிட்டது, என் ஊசி போதாது, ஆஸ்பத்திரிக்கு மூணு மணி நேரம், இப்போதே படகில் ஏற்று என்றேன்.

“நாலே நாள் நர்சம்மா. நாலு நாள்ல முடிஞ்சிரும். இப்ப எடுத்தா இதுவரைக்கும் கேட்டதெல்லாம் வீணாப் போயிடும்” என்றாள்.

நான் கத்தினேன். என் வாய் அப்படி. மகனைக் கொல்லப் போகிறாய் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. கெஞ்சியிருந்தால் யாராவது அசைந்திருப்பார்கள். கத்தியதும் எல்லோரும் ஒன்றாகி உனைசியின் பக்கம் நின்றுகொண்டார்கள். இலியேசாவையே கேட்டேன். அம்மா சொல்கிறபடி செய்யட்டும் என்றான். வாசலில் குழந்தையோடு நின்ற டிடிலியாவை யாரும் கேட்கவில்லை. அவள் வெளியூர்ப் பெண். நண்பகல் ஜெபமுறை அவளுடையது. குழந்தையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். நான் கரையில் படகைக் கட்டிவைத்துப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

சங்கிலியின் ஐந்தாம் நாள் காலையில் இலியேசா செத்துப்போனான்.

நான் அடக்கத்துக்குப் போனேன், உனைசியோடு பேசவில்லை. பத்தாம் நாள் சாப்பாட்டுக்கும் போனேன். அங்கேதான் அது நடந்தது. பாய்களை மடித்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, இவ்வளவு ஜெபித்தும் ஏன் இப்படி ஆயிற்று என்று ஒரு கிழவர் கேட்டார். எங்கேயாவது ஒரு கண்ணி கழன்றிருக்கும் என்றார் உபதேசியார் அபரோசா. அவர் கெட்டவர் இல்லை; ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். முதல் நாளிலிருந்து சங்கிலியைப் பிடித்து நடத்தியவள் உனைசி. எல்லோருடைய மௌனமும் அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

“டிடிலியா தூங்கிட்டா. மூணாம் நாள் மத்தியானம். நான் எட்டிப் பாத்தேன்” என்றாள் உனைசி.

டிடிலியா மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுவாரம் அவள் அண்ணன்மார் வந்து அவளையும் குழந்தையையும் அழைத்துப் போனார்கள். நூறாம் நாள்வரை விதவை புருஷன் வீட்டில் இருக்க வேண்டும். அவள் இருக்கவில்லை. அதையும் அவள் குற்றத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆறேழு மாதம் கழித்து உனைசி காலில் ஆறாத புண்ணோடு என்னிடம் வந்தாள். புருஷனைக் கொண்டுபோன சர்க்கரை அவளுக்கும் வந்திருந்தது. செவ்வாய்தோறும் கட்டு மாற்ற வர வேண்டும் என்றேன். வந்தாள். முதல் சில வாரம் இரண்டு பேரும் பேசவில்லை. நான் அழுத்தித்தான் துடைத்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளாகப் பேச ஆரம்பித்தாள். ஐக்கியத்தில் எப்போதும் போல நீளமாக ஜெபம் பண்ணுகிறாளாம். வீட்டுக்கு வந்து தனியாக முழங்காலிட்டால் ஒரு வார்த்தை வரவில்லையாம். வாயைத் திறந்தால் மகனின் மஞ்சள் கண்தான் தெரிகிறதாம். அப்படியானால் ஜெபத்தை விட்டுவிடு என்றேன் வெடுக்கென்று. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டே போனாள்.

“அன்னிக்கு நீங்க படகோட வந்தீங்கல்ல. மத்தியானம், டிடிலியா உள்ள ஜெபத்துல இருந்தா. நான் அடுப்பங்கரை வாசல்ல உக்காந்திருந்தேன். திடீர்னு மனசுக்குள்ள வந்துச்சு, எந்திரிச்சுப் போ, படகைக் கூப்பிடுன்னு. ரெண்டு தடவை எந்திரிச்சேன் நர்சம்மா. சாத்தான் சோதிக்கிறான்னு சொல்லி உக்காந்துட்டேன். என் பேரு கெட்டுப்போகுமேன்னும் இருந்துச்சு. இப்ப யோசிச்சா, அது சாத்தான் குரலா, இல்ல...”

முடிக்கவில்லை. கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டு வெளியே போனேன். கரையில் என் படகு கட்டியிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் அவள் ஜெபமே பண்ணவில்லை. பாயில் சும்மா உட்கார்ந்திருப்பாளாம். பிறகு ஒரு நாள் விடியற்காலையில், அவள் தேடாமலேயே, நான் பொய் சொன்னேன் என்று வாயில் வந்ததாம். அவ்வளவுதான் ஜெபம். மறுநாளும் அதேதான் வந்தது. விளக்கம் இல்லை, கோரிக்கை இல்லை, ஆண்டவருக்கு யோசனை இல்லை. ஒரு மாதம் அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

“அறுபது வருஷத்துல இதான் நான் பண்ணின முதல் ஜெபம்னு தோணுது” என்றாள். நான் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நிறைய பிரசங்கம் கேட்டவள் நான். எதுவும் என்னை இப்படி உட்கார வைத்ததில்லை.

ஆண்டவரிடம் சொன்னால் போதாது, டிடிலியாவைப் பற்றி எந்தக் காதுகளில் பொய்யைப் போட்டாளோ அந்தக் காதுகளிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. அடுத்த சாட்சி ஞாயிறன்று சபையில் எழுந்தாள். டிடிலியா தூங்கவில்லை என்றாள். நான் எட்டிப் பார்க்கவே இல்லை என்றாள். நர்ஸ் படகு கொண்டுவந்தாள், நான்தான் திருப்பி அனுப்பினேன், சங்கிலி அறுபடவே இல்லை, என் மகன் செத்ததற்கு நான்தான் காரணம் என்றாள். மொத்தமே ஒரு நிமிஷம் இருக்கும். உபதேசியார் எழுந்து, அவனுடைய நேரம் வந்தது, ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

“அப்படிச் சொல்லாதீங்க உபதேசியாரே. அவர் எடுக்கல. அவர் தலையில போடாதீங்க” என்றாள் உனைசி.

சபையில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அவள் தன்னை மட்டும் குற்றம் சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். படகைப் பற்றிப் பேசியதும், அன்றைக்கு அவளோடு நின்ற அத்தனை பேருக்கும் அதில் பங்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் ஐக்கியத்துக்கு வேறு தலைவி வந்தாள். ஆராதனையில் உனைசியின் பக்கத்தில் பாய் காலியாகக் கிடந்தது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

டிடிலியாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் ஊர்ப் பெரியவர்கள் எங்கள் வழக்கப்படி திமிங்கிலப் பல்லைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு முறையாகப் போக வேண்டும். அவர்கள் மறுத்துவிட்டார்கள். பல்லைத் தூக்கிக்கொண்டு போனால் ஊரே தப்புச் செய்தது என்று ஆகிவிடுமாம். பல் இல்லாமல் தனியாக ஒரு பெண் போவது அங்கே அவமானம்; வாசலிலேயே விரட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அது தெரிந்துதான் உனைசி என்னிடம் கேட்டாள். மாதம் ஒருமுறை குழந்தைகளுக்கு எடை பார்க்கத் தீவின் அந்தக் கோடிக்கும் நான் போவேன். படகில் ஏறிக்கொள் என்றேன்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் அவள் ஊருக்குள் வரவில்லை. கரையிலே மணலில் உட்கார்ந்துகொண்டாள். நான் சீமைப்பலா மரத்தில் தராசைக் கட்டி வேலையைத் தொடங்கினேன். டிடிலியா குழந்தையோடு வந்தாள். மெலிந்திருந்தாள். குழந்தை தராசில் ஆடிச் சிரித்தது. அப்பன் ஜாடை அப்படியே. கரையில் யார் இருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று அப்போது தெரியவில்லை.

டிடிலியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கரைக்குப் போனாள். சண்டை வந்துவிடப் போகிறது என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

உனைசி எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, சபையில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னாள். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. நீ தூங்கவில்லை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன் என்றாள், அவ்வளவுதான்.

“எனக்குத் தெரியாதா அத்தை, நான் தூங்கலன்னு?” என்றாள் டிடிலியா. குரல் உயரவில்லை. “அந்த ஒரு மணி நேரம் நான் என்ன கேட்டேன்னு தெரியுமா? எல்லாரும் அவர் பொழைக்கணும்னு கேட்டாங்க. நான் அதக் கேக்கல. உங்க மனசு மாறணும்னு கேட்டேன். படகுல ஏத்துன்னு உங்க வாயால வரணும்னு. மணி முழுக்க அதே ஒண்ணுதான். வெளிய வந்தேன். நீங்க அப்படியே கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க. அந்தப் பக்கம் கேக்கிறதுக்கு யாருமே இல்லன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. நான் இப்ப ஜெபம் பண்றதில்ல. பாப்பாவுக்கும் சொல்லித்தரப் போறதில்ல.”

அந்த மத்தியானம் அடுப்பங்கரை வாசலில் நடந்தது உனைசிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சபையில்கூட அதை அவள் சொல்லவில்லை. இப்போது வாயைத் திறந்தால், இதுவரை தெரியாமல் செய்தவள் என்று இருந்த கொஞ்சநஞ்சமும் போய்விடும். பேசாதே என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். இதற்கு மேல் அவளால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

உனைசி நிமிர்ந்தாள்.

“மாறிச்சும்மா” என்றாள். “நீ உள்ள இருந்தப்பதான். படகைக் கூப்பிடுன்னு வந்துச்சு. ரெண்டு தடவை எந்திரிச்சேன். சாத்தான்னு சொல்லி நான்தான் விரட்டிட்டேன். நீ கேட்டது போய்ச் சேந்துச்சு, டிடிலியா. அங்கேருந்து வந்தும் சேந்துச்சு. என்கிட்டதான் நின்னுபோச்சு.”

டிடிலியா குழந்தையை என் கையில் திணித்தாள். பிறகு உனைசியை அடித்தாள். தோளில், முதுகில், கை ஓயும்வரை. உனைசி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. கடைசியில் டிடிலியா மணலில் உட்கார்ந்து, அடித்த அதே தோளைப் பிடித்துக்கொண்டு, புருஷன் செத்த அன்று அழாத அழுகையை அழுதாள். அழுது முடித்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு, போங்க, இனி வராதீங்க என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் உனைசி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எனக்கு ஆண்டவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு குரலை இவளுக்குப் புரிகிற மாதிரி அனுப்பியிருக்கக்கூடாதா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்த மாதம் நான் தனியாகத்தான் போனேன். டிடிலியா குழந்தையைத் தராசில் வைத்தாள். வைத்துவிட்டு அதன் நெற்றியில் விரலை வைத்துக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. இரண்டு வரிதான் இருக்கும். நான் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். மாமியாரைப் பற்றி அவள் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை கட்டு மாற்றும்போது உனைசியிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“என்கிட்ட அவ பேச வேணாம் நர்சம்மா” என்றாள் பிறகு. “அவர்கிட்ட பேசுறால்ல. போதும்.”